உங்களுக்கு மிகவும் பிடித்த பெரிய எண் எது? ஏன்?

293318625600. நம் வழக்கில் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

எங்கள் ஊர் தங்கச்சிமடம். அப்பத்தா மீனைக் கூறு வைத்து விற்றவர். 60 மீன் இருந்தால் மூன்று மூன்றாக, நாலு நாலாக, ஐந்தைந்தாக, ஆறாறாக எப்படிக் கூறு வைத்தாலும் மிச்சம் நிற்காது. 100 மீன் என்றால் மூன்று வைத்தால் ஒன்று மிஞ்சும், ஆறு வைத்தால் நாலு மிஞ்சும். காரணிகளை எண்ணிப் பாருங்கள், 100-க்கு 9தான், 60-க்கு 12. 60-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் 12 காரணி கிடையாது.

இப்படித் தனக்குக் கீழே உள்ள அத்தனை எண்களையும் காரணி எண்ணிக்கையில் முந்துகிற எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் லண்டனில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை போகும். கணினி இல்லாத காலத்தில் 6746328388800 வரை அட்டவணை போட்டிருக்கிறார். அதில் விடுபட்டுப்போன எண்தான் நான் மேலே சொன்னது.

அதைப் பகா எண்களாக உடைத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்! 19 வரை ஒரு பகா எண்ணும் விடுபடவில்லை, அடுக்குகள் ஏறாமல் இறங்கிக்கொண்டே வருகின்றன. அப்படித்தான் இருந்தாக வேண்டும். 19-ஐ எடுத்துவிட்டு 23-ஐ வைத்தால் காரணிகள் அதே எண்ணிக்கைதான், எண் மட்டும் வீணாகப் பெரிதாகும்.

சரி, மொத்தம் எத்தனை காரணி? ஒரு காரணியை உருவாக்க 2-ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக 7 வழி. 3-க்கு 5 வழி, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. அந்த 5040-உம் ராமானுஜன் வரிசையில் உள்ள எண்தான்! இதைக் கண்டுகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இத்தனை மீன் கரையில் குவிந்து கிடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் வந்தாலும் சரி, 22 பேர் வரை எத்தனை பேர் வந்தாலும் சரி, சமமாகப் பங்கு போட்டுவிடலாம், ஒரு மீன்கூட மிஞ்சாது. 23-ஆவது ஆள் வந்து நின்றால்தான் பங்கு இடிக்கும்.

அப்புறம் ஒருநாள் அதை 23-ஆல் பெருக்கிப் பார்த்தேன். வந்த விடை 6746328388800. அவருடைய அட்டவணையின் கடைசி எண்.