பெண்கள் வந்ததும் ஆண்களின் கேலி ஏன் மாறிவிடுகிறது?

நண்பர்களோடு இருந்தால் ஒரே வசவும் கிண்டலுமாக இருக்கும் கணவர், பெண்கள் வந்து உட்கார்ந்ததும் ஆளே மாறிவிடுகிறார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ கல்யாண வீட்டில் பார்த்துக் கடுப்பாகித்தான் கேட்டிருப்பீர்கள். மரியாதைதான் காரணம் என்று நிறைய பேர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான்.

எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே முன்மண்டை காலி. கோவையில் நான் வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனியில் என் பெயரே சொட்டைதான். சலூன்காரர் மட்டும் முழுத்தலைக்கு வாங்கும் காசையே என்னிடமும் வாங்குவார். கேட்டால், "தேடி வெட்டணும்ல சார்" என்பார். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

சொட்டை என்று பெயர் வைத்தவன்தான் அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி கூட இருந்தவன். வராந்தாவில் நான் கண் கலங்கி நின்றால், "டேய் சொட்டை, உங்கப்பனுக்கு இந்த வயசுலயும் எவ்வளவு முடி பாரு. அந்தாளு எந்திரிச்சுருவாரு, நீ போய் டீ குடி" என்றான். ஆறுதலாக அவனுக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கும் அது போதுமாக இருந்தது.

அதே ஆள், எங்கள் டெஸ்டிங் பிரிவுக்குப் புதிதாக ஒரு மேடம் வந்த பிறகு, மதியச் சாப்பாட்டின்போது அதே சொட்டை ஜோக்கை எடுத்துவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவே இல்லை, மேடம் சிரிக்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்தான். எங்களுக்குள் என்றால் அடுத்த நிமிஷமே நான் திருப்பிக் கொடுத்திருப்பேன். அங்கே நான் வெறும் ஊறுகாய்.

மேடம் சிரிக்கவில்லை. "அவருக்காவது முடிதான் இல்லை. உங்க தொப்பையைப் பிடிச்சு வெச்சிருக்கிற அந்தச் சட்டை பட்டனை நினைச்சாத்தான் பாவமா இருக்கு" என்றார். டேபிளே அதிர்ந்தது. நான் தினமும் அதைவிட மோசமாகத்தான் அவனைச் சொல்வேன், சிரித்துவிட்டுப் போவான். ஆனால் மேடம் சொன்னதற்கு அந்த வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தி" என்று என்னிடமே வந்து புலம்பினான்!

ராட்கிளிஃப் பிரவுன் என்ற மானிடவியலாளர் 1940ல் இந்தக் கேலி உறவைப் பற்றி எழுதியிருக்கிறார். சில உறவுகளில் ஒருவர் கேலி செய்யலாம், மற்றவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அதுதான் வழக்கம் என்கிறார். நம் ஊரில் மாமன் மச்சானுக்குள் ஓடுவது அதுதான். நாங்கள் பெண்கள் முன்னால் கலாய்ப்போம், பெண்களையும் கலாய்ப்போம். திருப்பிக் கலாய்க்கும் உரிமையை மட்டும் அவர்களுக்குக் கொடுப்பதில்லை.

உடனே "எல்லா ஆம்பளையும் அப்படியா?" என்று சண்டைக்கு வராதீர்கள், நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன். பயமும் ஒரு காரணம், மறுக்கவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் ஆபாசமான பேச்சும் வருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார் கமிட்டியும் இருந்தாக வேண்டும். அதை நினைத்து வாயை அடக்குபவர்களும் உண்டு. அடக்கட்டும், நல்லதுதான்.

உங்கள் வீட்டுக்காரர் எந்த ரகம் என்று தெரியவேண்டுமானால், அடுத்த முறை நண்பர்கள் கூடும்போது அவரை நீங்களே ஒரு வார்த்தை கலாய்த்துப் பாருங்கள். அவர் நண்பர்கள் சிரிப்பார்கள். அப்போது அவர் மூஞ்சியைப் பாருங்கள்.