‘எஸ்.என்.எம்.பி. வசதி உண்டு’ என்ற ஒரு வரி போதுமா?

கேள்வி: எங்களிடம் ஒரு டெல் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து ஹெச்பிஇ சர்வர் ஒன்று வாங்கப் போகிறோம். விலைப்புள்ளியில் ‘எஸ்.என்.எம்.பி. வசதி உண்டு’ என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டையும் ஒரே திரையில் கண்காணிக்க இது போதுமா? நிர்வாக லைசென்ஸ் என்று தனியாகவும் காசு கேட்கிறார்கள்.

பதில்: அந்த ஒரு வரியை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. எஸ்.என்.எம்.பி. என்பது நெட்வொர்க்கில் உள்ள கருவிகளின் நிலவரத்தைக் கேட்டறியும் ஒரு பொது முறை. அது 1988-லிருந்து இருக்கிறது, பிரின்டரில்கூட உண்டு. சர்வருக்குள்ளே யார் பதில் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் ஏஜென்ட் (கேட்டால் நிலவரம் சொல்லும் சிறு மென்பொருள்), சிபியு எவ்வளவு ஓடுகிறது, டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்லும். விசிறி, பவர் சப்ளை, ரெய்டில் (பல டிஸ்கைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் அமைப்பில்) உள்ள ஒவ்வொரு டிஸ்க் பற்றியும் அதற்குத் தெரியும் என்று நம்ப முடியாது. நான் பார்த்துக்கொண்ட ஒரு சர்வரில் மிரர் செய்த, அதாவது ஒரே தகவலை வைத்திருக்கும் இரண்டு டிஸ்கில் ஒன்று செத்துப்போயிருந்தது. கண்காணிப்புத் திரையோ பச்சையாகவே இருந்தது. ஏஜென்டின் கண்ணுக்கு அது ஒரே டிஸ்க், நன்றாக ஓடும் டிஸ்க். வேறு வேலையாக ரேக் பக்கம் போனபோது மஞ்சள் விளக்கு எரிவதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மதர்போர்டிலேயே தனியாக உட்கார்ந்திருக்கும் நிர்வாகச் சிப்தான் இதையெல்லாம் சரியாகச் சொல்லும். டெல்லில் ஐடிராக், ஹெச்பிஇயில் ஐலோ. ஆபரேட்டிங் சிஸ்டம் உறைந்துபோனாலும் அது பதில் தரும். ஆக, எஸ்.என்.எம்.பி. அதிலிருந்து நேராக வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது மிப் ஃபைல். எஸ்.என்.எம்.பி.யில் நிலவரம் வெறும் எண்ணாகத்தான் வரும். அதன் பொருள், தயாரிப்பாளர் தரும் அகராதி மாதிரியான இந்த மிப்பில் இருக்கிறது. டெல்லின் மிப்பில் நிலை 3 என்றால் ‘நலம்’. ஹெச்பிஇயில் நலத்துக்கு எண் 2. அங்கே 3 வந்தால் ஏதோ பழுதாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். டெல் வெப்பநிலையை 230 என்று அனுப்பினால் பதற வேண்டாம், அது 23 டிகிரி. ஒரே திரையில் இரண்டையும் காட்டலாம், ஆனால் உங்கள் கண்காணிப்பு மென்பொருளில் இரண்டு மிப்பும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.

எஸ்.என்.எம்.பி.யில் பதிப்பு 3 கட்டாயம் வேண்டும். 1, 2சி இரண்டிலும் கடவுச்சொல் மாதிரியான கம்யூனிட்டி சொல் மறைக்கப்படாமல் அப்படியே வயரில் போகும். பல கருவிகளில் அது ‘பப்ளிக்’ என்றே இருக்கும்.

லைசென்ஸ் விஷயம்: ஐலோவில் எஸ்.என்.எம்.பி. எச்சரிக்கைக்குக் காசு வேண்டாம். தொலைவிலிருந்தே சர்வரின் திரையைப் பார்த்து முழுதாக வேலை செய்ய வேண்டுமென்றால் அட்வான்ஸ்டு லைசென்ஸ் வேண்டும். சர்வர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

பொருள் வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பவர் சப்ளை இரண்டும் ஓடுகிறதா என்று உறுதி செய்துகொண்டு, ஒன்றின் கேபிளை உருவுங்கள். எச்சரிக்கை வந்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடலாம். அதற்காக டிராப்பை (சர்வர் தானாக அனுப்பும் இந்த எச்சரிக்கையை) மட்டும் நம்பிவிடாதீர்கள். போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத யு.டி.பி. முறையில், 162-ஆம் போர்ட்டில் அது ஒருமுறை வரும், வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களாகவும் கேட்டுப் பார்க்கும்படி அமைத்துவிடுங்கள்.

கேள்வி: ‘எஸ்.என்.எம்.பி. பழசு, ரெட்ஃபிஷ் இருக்கிறதே’ என்கிறார் விற்பனையாளர். சரியா?

பதில்: பாதி சரி. 2015-இல் வந்த ரெட்ஃபிஷ், சர்வர்களை நிர்வகிக்கும் பொது முறை. இணையதளங்கள் பயன்படுத்தும் ஹெச்டிடிபிஎஸ் வழியாகப் பேசும். சர்வரை ரீஸ்டார்ட் செய்யவும் அமைப்புகளை மாற்றவும் அதுதான் நல்லது. ஆனால் உங்கள் ஸ்விட்சும் யுபிஎஸ்ஸும் எஸ்.என்.எம்.பி. மட்டுமே பேசும் வகையாக இருக்கலாம். ஐடிராக், ஐலோ இரண்டிலும் எஸ்.என்.எம்.பி.யும் ரெட்ஃபிஷும் கிடைக்கும்போது ஒன்றை விடுவானேன்?