ஆறு லட்சம் கட்டுவதற்கு முன்னால்

அம்மா, பி.எஸ்சி. நர்சிங் முடித்த மகளுக்கு லண்டனில் வேலை, ஆறு லட்சம் கட்டினால் மூன்று மாதத்தில் அனுப்பிவிடுகிறேன் என்று ஏஜென்ட் சொன்னாராம். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்.

பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையான என்.எச்.எஸ். வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பதற்கு அந்நாட்டு அரசே விதி வகுத்திருக்கிறது. அதன்படி ஏஜென்சிக்கு மருத்துவமனைதான் பணம் கொடுக்க வேண்டும். வேலைக்கு வரும் நர்ஸிடம் வாங்கக் கூடாது. நம் நாட்டிலும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று விதி அனுமதிப்பது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஆறு லட்சத்துக்கு எங்கேயும் கணக்கு இல்லை.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது, ஏஜென்ட் தந்த வேலைக் கடிதத்தில் வேலையின் பெயர் என்னவென்று நீங்கள் சொல்லாததுதான். கேர் அசிஸ்டன்ட், கேரர் என்று இருந்தால் அது முதியவர்களையும் முடியாதவர்களையும் கவனித்துக்கொள்ளும் உதவியாளர் வேலை, நர்ஸ் வேலையே இல்லை. வெளிநாட்டிலிருந்து புதிதாக இந்தக் கேர் வொர்க்கர்களை எடுப்பதையும் 2025 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். இந்தப் பெயர் விஷயம் பழைய காயம், அம்மா. 1948-இல் என்.எச்.எஸ். தொடங்கிய பிறகு கரீபியத் தீவுகளிலிருந்து ஏராளமான பெண்கள் நர்சிங் படிக்கப் போனார்கள். அவர்களில் பலரை மூன்று வருட ரெஜிஸ்டர்டு நர்ஸ் படிப்பில் சேர்க்காமல், இரண்டு வருட என்ரோல்டு நர்ஸ் படிப்பில் தள்ளினார்கள். வார்டில் உழைப்பு ஒன்றுதான்; பதவி உயர்வுக்கு வழியில்லை, பலருக்குச் சொந்த ஊரில் அந்தத் தகுதி செல்லவும் இல்லை. உங்கள் மகள் அந்த நிலைக்கு வரக் கூடாது.

சரி, நேரான வழி என்ன? முதலில் ஆங்கிலம். ஐ.இ.எல்.டி.எஸ். எனும் ஆங்கிலத் தேர்வின் அகாடமிக் பிரிவில் எழுத்துக்கு 6.5, படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றுக்கும் மொத்தத்துக்கும் 7 வேண்டும். இல்லாவிட்டால் மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. எனும் ஆங்கிலத் தேர்வை எழுதலாம், அதில் கேள்விகள் மருத்துவமனைச் சூழலிலேயே வருவதால் நம் பிள்ளைகளுக்குப் பழகியதாக இருக்கும். அப்புறம் என்.எம்.சி. எனப்படும் அங்குள்ள நர்சிங் கவுன்சிலின் கணினித் தேர்வு. அதை இங்கேயே எழுதலாம். ஆஸ்கி எனும் செய்முறைத் தேர்வு மட்டும் பிரிட்டனில்தான். அதில் கை வேலை தெரிந்தால் போதாது. நோயாளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்ப்பது, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குவது எல்லாவற்றையும் வாய்விட்டுச் செய்ய வேண்டும். அமைதியாக வேலை பார்த்துப் பழகிய பெண்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். தேறிப் பதிவு எண் கையில் வந்த பிறகுதான் பேண்ட் 5 எனும் நர்ஸ் நிலைச் சம்பளம். அதுவரை கீழ் நிலைச் சம்பளம்தான்.

2024 முதல் அங்கே வெளிநாட்டு ஆள் எடுப்பும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதனால் அவசரமே வேண்டாம். மகள் இரண்டு வருடம் ஐ.சி.யூ.விலோ ஆபரேஷன் தியேட்டரிலோ வேலை பார்க்கட்டும், கூடவே ஓ.இ.டி.க்குப் படிக்கட்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிந்து வையுங்கள்.

அந்தக் கடிதத்தின் நகலை இந்த வாரமே எனக்கு அனுப்புங்கள். வேலையின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன். அதுவரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். மகளின் அசல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் தராதீர்கள்.