டேனி பாயும் கைக்கு எட்டாத கீழ்ச்சுரமும்

கேள்வி: கீ (துளையை மூடித் திறக்கும் உலோக நெம்பு) இல்லாத, ஆறு துளை ஐரிஷ் ஃப்ளூட் (டி சுருதி) வைத்திருக்கிறேன். ஜிக், ரீல் போன்ற வேகமான ஐரிஷ் நடன மெட்டுகள் ஓரளவு வருகின்றன. ஆனால் ‘டேனி பாய்’ போன்ற மெதுவான ஐரிஷ் பாட்டை டி மேஜரில் எடுத்தால் கீழ்ச்சுரம் கிடைப்பதில்லை. வாசித்த வரைக்கும்கூட உயிரில்லை. கீ வைத்த ஃப்ளூட் வாங்கட்டுமா?

பதில்: இதற்காக வாங்க வேண்டாம். ஆறு துளையையும் மூடினால் வரும் டிதான் உங்கள் குழலின் மிகக் கீழான சுரம். இந்த மெட்டோ ஸட்ஜத்துக்குக் கீழே தைவதம் வரை இறங்கி, மேலே தார காந்தாரம் வரை ஏறுகிறது. டியை ஸட்ஜமாக வைத்தால் கீழே பி வேண்டும், அது குழலில் இல்லை. ஒரு ஸ்தாயி தூக்கினால் உச்சத்தில் கிறீச்சிடும். ஜி மேஜரில் வைத்துப் பாருங்கள்: கீழே இ, மேலே பி. அழகாக உட்காரும். ஜி மேஜருக்கு வேண்டிய சி நேச்சுரலுக்கு (சி ஷார்ப்பைவிட அரைச்சுரம் கீழே) வாய்ப்பக்கமுள்ள முதல் துளையைத் திறந்து, அடுத்த இரண்டையும் மூடுங்கள். குழலுக்குக் குழல் கொஞ்சம் மாறும், உதட்டால் சரிசெய்துகொள்ளலாம்.

எந்தப் பாட்டானாலும் முதலில் அதன் மிகக் கீழான சுரத்தைக் கண்டுபிடியுங்கள், ஸ்கேலை அப்புறம் முடிவு செய்யலாம். ஓரிரு இடத்தில் எஃப் நேச்சுரல் வந்தால் பாதித்துளை போதும் (நம் புல்லாங்குழல் பழகியவர்களுக்கு இது புதிதல்ல). பாட்டு முழுக்க அப்படி வந்தால்தான் கீ பற்றி யோசிக்க வேண்டும்.

சரி, உயிர். 1855இல் ஐரிஷ் மெட்டுகளைச் சேகரித்த ஜார்ஜ் பெட்ரியின் தொகுப்பில் இந்த மெட்டு அச்சானபோது அதற்கு வரிகளே இல்லை. ஆங்கிலப் பாடலாசிரியர் ஃபிரெட் வெதர்லியின் வரிகளோடு 1913இல்தான் வெளிவந்தது. ஆனால் இன்று கேட்பவர் காதில் அந்த வரிகள்தான் ஓடும். அதனால் குழலைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை பாடுங்கள், மூச்சு எங்கே வாங்குகிறீர்களோ அங்கே பென்சிலால் குறியுங்கள். ரீலில் மூச்சுக்காக ஒரு சுரத்தை விட்டுவிடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே விட்டால் ஒரு சொல் பாதியில் அறுந்துவிடும். வரி முடிவிலுள்ள நீண்ட சுரத்தைச் சற்று முன்பே முடித்து மூச்சு வாங்குங்கள்.

ரோல்களையும் (ஒரு சுரத்தை விரலசைவால் வேகமாகப் பிரிக்கும் அலங்காரம்) எடுத்துவிடுங்கள், நீண்ட சுரத்தை அவை துண்டாக்கும். ஒரே சுரம் இருமுறை வருமிடத்தில் ஒரு கட் (விரலை ஒரு கணம் தூக்கி வைப்பது) போதும். அசைவு வேண்டுமென்றால், திறந்திருக்கும் துளையின் விளிம்பில் விரலை மெதுவாக ஆட்டுங்கள்.

கீழ் இ மெலிந்தால் பலமாக ஊதாதீர்கள். உதட்டு இடைவெளியைச் சுருக்கி, காற்றைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்புங்கள்.