நாலாயிரம் பேர் இருக்கும் குழு... ஆனாலும் தனியாக இருக்கிறேன்!

(கே-பாப் எனும் கொரிய பாப் இசையின் ரசிகர் குழுக்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு, அத்தகைய குழுக்களை நிர்வகித்துவரும் எங்கள் ஆலோசகர்கள் பதிலளிக்கிறார்கள்.)

நான் பி.டி.எஸ். என்ற கொரிய இசைக்குழுவின் ரசிகை. டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் நாலாயிரம் பேர் உள்ள ஆர்மி (பி.டி.எஸ். ரசிகர்கள்) சர்வரில், அதாவது குழுவில், சேர்ந்து மூன்று மாதமாகிறது. என்ன எழுதினாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. எல்லோரும் ஏற்கெனவே பழகியவர்கள்போலப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அங்கே இடமில்லையா?
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. பேசுவதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த இடம்தான் சரியில்லை. சர்வருக்குள் தலைப்புவாரியாகப் பிரித்த அரட்டைப் பகுதிகளைத்தான் சேனல் என்கிறோம். பொது அரட்டை சேனலில் புதுப் பாட்டு வெளியாகும் நாளில் செய்திகள் மழையாகக் கொட்டும். அங்கே 'செம பாட்டு' என்று எழுதினால் யார் கண்ணிலும் படாது. இணையக் குழுக்களில் நூற்றுக்கு 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், தொடர்ந்து எழுதுபவர் ஒருவர்தான் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். அதன்படி உங்கள் சர்வரில் ஓயாமல் பேசுபவர்கள் நாற்பது பேர். 'எல்லோரும் பழகியவர்கள்' என்று உங்களுக்குத் தோன்றுவது அந்த நாற்பது பேரைப் பார்த்துத்தான். மிச்சமுள்ளவர்களில் பலர் உங்களைப் போலவே தயங்கி நிற்கிறார்கள்.

முதலில் விதிகள் சேனலுக்குப் போய் உங்களுக்கான ரோலை (உறுப்பினர்களுக்கு சர்வர் தரும் அடையாளத்தை) எடுத்துக்கொள்ளுங்கள். பல சர்வர்களில் ரோல் எடுக்காதவர்களுக்குப் பாதி சேனல்கள் தெரியவே தெரியாது. புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இதைத்தான். ரோல் கிடைத்ததும் பாடல் வரி, ஓவியம், கொரிய மொழிப் பயிற்சி, தமிழ் அரட்டை என்று ஏதாவது ஒரு சிறிய சேனலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து இருபது செய்தி வரும் இடமாக இருந்தால் நல்லது. ஒரு வாரம் படியுங்கள். பிறகு தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எட்டிப் பாருங்கள். அந்த நேரத்தில் வருபவர்களுக்கு உங்கள் பெயர் மனதில் பதியும். 'அருமை' என்று எழுதினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர்கள் போட்ட பதிவின் கீழேயே, அவர்களால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். 'அந்த ஓவியத்தில் பின்னணியை மட்டும் ஏன் வாட்டர்கலரில் செய்தீர்கள்?' என்று கேட்டால் பதில் சொல்லாத ஓவியர் இல்லை.

அதன்பிறகு ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மெக்மிலன், சாவிஸ் என்ற உளவியலாளர்கள் 1986-ல் குழு உணர்வுக்கு நான்கு கூறுகளைச் சொன்னார்கள்: உறுப்பினர் என்ற நிலை, குழுவில் நமக்குள்ள செல்வாக்கு, தேவைகள் நிறைவேறுவது, உணர்வுப் பிணைப்பு. சேர்ந்தவுடன் முதலாவது கிடைத்துவிடும். இரண்டாவது, ஏதாவது செய்தால்தான் கிடைக்கும். நாம் செய்த ஒன்றைக் குழு பயன்படுத்தத் தொடங்கும்போது, 'இன்னும் போடவில்லையா?' என்று நம்மைத் தேடுவார்கள்.

எளிய வேலை வேண்டுமென்றால் நேர அட்டவணை போடுங்கள். கொரியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே பிற்பகல் 1 மணிக்குப் பாட்டு வெளியானால் நமக்குக் காலை 9.30, அங்கே நள்ளிரவு என்றால் நமக்கு இரவு 8.30. ஆகவே செப்டம்பர் 1 பி.டி.எஸ். பாடகர் ஜங்குக்கின் பிறந்தநாளுக்கு இங்கே ஆகஸ்ட் 31 இரவே வாழ்த்து தொடங்கிவிடும். இதைத் தமிழில் வாராவாரம் பிழையில்லாமல் போடுபவரை ஒரு மாதத்தில் எல்லோரும் தெரிந்துகொள்வார்கள்.

தமிழ் சப்டைட்டிலுக்கும் ஆள் தேவை. ரசிகர்கள் நேரடியாக வசனம் சேர்க்கும் வசதியை யூடியூப் 2020 செப்டம்பர் 28-ல் நிறுத்திவிட்டதால், இப்போது ஏஜிசப் போன்ற சப்டைட்டில் மென்பொருளில் தனிக் கோப்பாகச் செய்துதான் பகிர வேண்டும். ஒரு வசனம் குறைந்தது ஒரு வினாடி, அதிகபட்சம் ஏழு வினாடி திரையில் நிற்கட்டும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் சுருக்கித்தான் எழுத வேண்டும். வசனம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு முன்பின்னாக இருந்தால் மொத்தத்தையும் நகர்த்தினால் சரியாகிவிடும். போகப்போக விலகல் கூடிக்கொண்டே போனால், வீடியோவின் ஃபிரேம் வேகம் (வினாடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கை) வேறு என்று பொருள். அதை நகர்த்திச் சரிசெய்ய முடியாது, சப்டைட்டில் கோப்பின் வேகத்தை மாற்றித்தான் சேமிக்க வேண்டும்.

பலர் சேர்ந்து கொரியாவிலிருந்து வாங்கும் குரூப் ஆர்டரில் ஆல்பத்துக்குப் பணம் கட்டினேன். நடத்துபவர் இரண்டு வாரமாகப் பதில் சொல்லவில்லை. குழுவில் கேட்டால் 'நம்பிக்கை இல்லையா?' என்கிறார்கள். கேட்டது தவறா?
— பெயர் வேண்டாம், ஈரோடு

தவறே இல்லை. கணக்குக் கேட்பவரை ஒதுக்கும் குழுவில் யாருடைய பணத்துக்கும் பாதுகாப்பில்லை.

குரூப் ஆர்டரில் பொதுவாக மூன்று தவணை உண்டு. முதலில் ஆல்பத்தின் விலை. அடுத்து, கொரியாவிலிருந்து வரும் சரக்குக் கட்டணத்தில் உங்கள் பங்கு. கடைசியாக, சுங்க வரியும் உள்ளூர் தபால் செலவும். இடையில் பொருள் சுங்கத்தில் நிற்பது உண்டு. அதனால் தாமதத்தை வைத்து மட்டும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. நேர்மையாக நடத்துபவரிடம் கடையில் வாங்கிய ரசீதும், பார்சல் கண்காணிப்பு எண்ணும், யார் எவ்வளவு கட்டினார்கள் என்ற பட்டியலும் இருக்கும். இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு தேதியையும் குறிப்பிடுங்கள். அந்தத் தேதிக்குள் வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். யு.பி.ஐ. பரிமாற்ற எண், உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட் இரண்டையும் வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். அழைப்பு எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பணம் வேறு கணக்குக்குப் போவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். 'பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், பின் நம்பர் போடுங்கள்' என்று யார் சொன்னாலும் போடாதீர்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

ஆல்பத்தோடு வரும் பாடகர் படமான போட்டோகார்டை மற்ற ரசிகர்களோடு மாற்றிக்கொள்ளும்போதும் கவனம் தேவை. கார்டோடு அன்றைய தேதியும் அவர் கணக்கின் பெயரும் எழுதிய காகிதத்தை வைத்து, கார்டைச் சாய்த்துத் திருப்பிக் காட்டும் வீடியோ கேளுங்கள். கீறல் சாய்த்தால்தான் தெரியும். நீங்கள் அனுப்பும்போது கார்டை முதலில் மெல்லிய உறையில் போட்டுப் பிறகு டாப்லோடரில் (கெட்டியான பிளாஸ்டிக் உறையில்) செருகுங்கள். வாயை ஒட்டும்போது டேப் கார்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.

என் மகளுக்கு 15 வயது. பள்ளியில் தோழிகள் குறைவு. 'என் ஆட்கள் எல்லாம் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்' என்கிறாள். டிஸ்கார்ட் ஆப்பை நீக்கிவிடலாமா?
— ஒரு தாய், நெய்வேலி

நீக்காதீர்கள் அம்மா. அவளுக்குக் கிடைத்திருக்கும் சில தோழிகளையும் சேர்த்து நீக்கியதாகிவிடும். மேடையில் ஆடுபவர்மீது உள்ள அன்பு ஒருவழிப் பாதை. ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956-லேயே தொலைக்காட்சி ரசிகர்களை வைத்து இதை விளக்கியிருக்கிறார்கள். ஆனால், தேர்வுக்கு முந்தைய இரவு 'படித்தாயா?' என்று கேட்கும் குழுத் தோழியின் அன்பு அப்படியல்ல. இரண்டையும் ஒன்றாகப் பார்த்துக் கண்டிக்காதீர்கள். அந்தத் தோழிகளின் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாதுகாப்புக்குச் சில ஏற்பாடுகள் அவசியம். டிஸ்கார்டின் தனியுரிமை அமைப்பில், சர்வர் உறுப்பினர்கள் நேரடியாகச் செய்தி அனுப்புவதை அணைத்துவையுங்கள். ஃபேமிலி சென்டர் என்ற வசதியில் அவள் யாரோடு பேசுகிறாள் என்பது தெரியும், என்ன பேசினாள் என்பது தெரியாது. அவள் சம்மதித்தால்தான் இணைக்க முடியும். அந்த வயதுக்கு அதுவே சரியான அளவு என்று நினைக்கிறோம். பள்ளிச் சீருடைப் படம், பேருந்து நிறுத்தத்தின் பெயர் இரண்டையும் பகிரக் கூடாது. 'அம்மாவிடம் சொல்லாதே' என்று யாராவது சொன்னால், உடனே உங்களிடம் சொல்ல வேண்டும். சொன்னதற்காக போன் பறிபோகாது என்று இப்போதே வாக்குக் கொடுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, குழுத் தோழிகளிடம்கூடப் பேசாமல் ஒதுங்கினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

வயது 47. வங்கி ஊழியன். இந்த கே-பாப் பாட்டெல்லாம் பிடிக்கும். சின்னப் பிள்ளைகள் நடுவில் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.
— வாசகர், தஞ்சாவூர்

வயது வந்தவர்களுக்கென்றே ஆர்மி குழுக்கள் தனியாக இருக்கின்றன. முப்பது, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் உண்டு. அங்கே சேருங்கள். எல்லா வயதினரும் உள்ள குழுவிலும் இருக்கலாம், ஆனால் அறிமுகத்திலேயே வயதைச் சொல்லிவிடுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களோடு பொதுச் சேனலில் மட்டும் பேசுங்கள், தனிச் செய்தி வேண்டாம். வங்கிக்காரர் என்பதால் இன்னொன்றும் கேட்கிறோம்: குரூப் ஆர்டர் கணக்குகளைச் சரிபார்த்துத் தர ஆளில்லாமல் பல குழுக்கள் திண்டாடுகின்றன. உங்கள் குழுவில் மாதம் ஒருமுறை அதைச் செய்து கொடுங்களேன்.