தாய்லாந்து கிராமத்தில் வீடு கட்ட யாரிடம் போக வேண்டும்?

கேள்வி: என் மனைவி தாய்லாந்தைச் சேர்ந்தவர். உடோன் தானி மாகாணத்தில் அவருடைய ஊரில், அவர் பெயரில் உள்ள மனையில் வீடு கட்ட இருக்கிறோம். பூ யாய் பானிடம் (ஊர்த் தலைவரிடம்) சொன்னால் போதும் என்கிறார் மாமனார். மேஸ்திரி ஓ போ தோவுக்கு (உள்ளாட்சி அலுவலகத்துக்கு) போகச் சொல்கிறார். அம்ப்போவுக்குத்தான் (வட்ட அலுவலகத்துக்குத்தான்) போக வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்று இடங்களுக்கும் போகத்தான் வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நடக்கும் வேலை வேறு, போகும் நேரமும் வேறு. அதைத் தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் இராது.

தாய்லாந்துக் கிராமத்தை இரண்டு நிர்வாகங்கள் ஒரே சமயத்தில் ஆள்கின்றன. முதலாவது, உள்துறை அமைச்சகத்திலிருந்து கீழே இறங்கி வருவது. மாகாணத்துக்கு ஆளுநர், அம்ப்போ எனப்படும் வட்டத்துக்கு நாய் அம்ப்போ. இருவரும் அரசு நியமிக்கும் அதிகாரிகள். அதற்குக் கீழே, பல ஊர்கள் சேர்ந்த தம்பொனுக்குக் கம்னான், ஒவ்வொரு மூபானுக்கும் (ஊருக்கும்) ஒரு பூ யாய் பான். இதற்கான அடிப்படைச் சட்டம் 1914-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நெருக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் சுமார் 200 பேர் இருந்தால் ஒரு மூபான். வீடுகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் 5 வீடு இருந்தாலே மூபானாக்கலாம் என்கிறது அது. திருத்தங்களோடு இன்றும் அமலில் இருக்கிறது.

பூ யாய் பானை ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் அவரை நம் ஊராட்சி மன்றத் தலைவர் போல நினைத்துவிடுவது சுலபம். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். தேர்வானபின் இடையிடையே மதிப்பீடு உண்டே தவிர, 60 வயது வரை அவர் பதவியில் இருக்கலாம். அவர் பதில் சொல்ல வேண்டியது நாய் அம்ப்போவுக்கு. பிறப்பு, இறப்பு, வீடு பற்றிய தகவலைப் பெற்றுப் பதிவுக்கு அனுப்புவது, வரப்புத் தகராறில் சமரசம் செய்வது, காலையில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்வது, ஊர்க் குழுவுக்குத் தலைமை தாங்குவது ஆகியவை அவர் வேலை. கம்னானும் இவர்களில் ஒருவர்தான்: தம்பொனிலுள்ள பூ யாய் பான்கள் நாய் அம்ப்போ தலைமையில் கூடித் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இரண்டாவது, 1994 சட்டத்தின்படி அமைந்த ஓ போ தோ. தம்பொன் அளவிலான உள்ளாட்சி அமைப்பு இது. தலைவரான நாயொக்கை 2003-இலிருந்து மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 4 ஆண்டு. மன்றத்தில் பொதுவாக மூபானுக்கு ஓர் உறுப்பினர். சாலை, குப்பை, குழந்தைகள் மையம், நிலம் மற்றும் கட்டட வரி, கட்டட அனுமதி எல்லாம் இங்கே. கோப்புகளை நகர்த்துபவர் நாயொக் அல்ல, பலாத் எனப்படும் தலைமை அலுவலரும் பொறியியல் பிரிவும்தான். உங்கள் இடம் தேத்சபான் எனப்படும் நகராட்சி எல்லைக்குள் வந்தால் ஓ போ தோ கிடையாது. அந்த வேலைகளைத் தேத்சபானே செய்யும்.

முதல் வேலையாக முகவரியைச் சரிபாருங்கள். ‘45/2 மூ 7’ என்றால் அந்தத் தம்பொனின் 7-ஆம் எண் மூபானில் 45/2 என்ற வீடு. பெரிய ஊரை இரண்டு மூபானாகப் பிரித்திருப்பார்கள். ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்தாலும் பூ யாய் பான்கள் இருவர். அருகில் இருக்கிறாரே என்று அடுத்த மூபானின் தலைவரிடம் கையெழுத்து வாங்கினால் அம்ப்போவில் திருப்பி அனுப்புவார்கள். காம்பவுண்டுக்குள் கட்டிய தனியார் வீட்டுக் குடியிருப்பையும் மூபான் என்றே அழைப்பார்கள். நிர்வாக மூபானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கட்டுவதற்கு முன் ஓ போ தோ. 1979-ஆம் ஆண்டுக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் சாதாரண வீடுகளைப் பொறுத்தவரை எல்லாக் கிராமப் பகுதிக்கும் பொருந்தாது. எனவே, ‘எங்கள் மனை அந்தச் சட்ட எல்லைக்குள் வருகிறதா?’ என்று பொறியியல் பிரிவில் கேளுங்கள். வருமென்றால் ‘கோ 1’ விண்ணப்பம், நிலப் பத்திர நகல், மனைவியின் அடையாள அட்டை, வீட்டுப் பதிவேட்டு (வீட்டில் வசிப்பவர்களைப் பதியும் ஏட்டின்) நகல், வரைபடம் தேவை. முடிவு சொல்ல 45 நாள் அவகாசம். தலா 45 நாளாக இருமுறை நீட்டிக்கலாம். அனுமதியின்றிக் கட்டினால் 3 மாதம் வரை சிறையோ 60,000 பாட் வரை அபராதமோ விதிக்கலாம்.

அதிகம் தவறு நடப்பது எல்லை இடைவெளியில். உயரம் 9 மீட்டருக்கு மேற்படாத வீட்டில் ஜன்னலோ கதவோ உள்ள சுவர், எல்லையிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். திறப்பே இல்லாத சுவருக்கு அரை மீட்டர் போதும். மேஸ்திரி அடித்தளக் குழி தோண்டுமுன் நீங்களே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

அனுமதியில் விண்ணப்பதாரராக யார் பெயர் வருகிறது என்பதும் முக்கியம். வெளிநாட்டவர் என்பதால் நிலம் உங்கள் பெயரில் இருக்க முடியாது. ஆனால் மனைவியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு கட்டட அனுமதியை உங்கள் பெயரில் கேட்கலாம். கட்டடத்தில் உங்கள் உரிமையைக் காட்டப் பிற்பாடு உதவுவது அந்த அனுமதியும் ஒப்பந்தமும் ரசீதுகளும்தான். வீட்டுப் பதிவேடு சொத்துரிமைச் சான்று ஆகாது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஏமாறுபவர்கள் நிறைய.

வீடு முடிந்ததும் 15 நாளுக்குள் வீட்டு எண் கேட்க வேண்டும். இங்கேதான் மாமனார் சொன்னவர் வருகிறார். பூ யாய் பான் வந்து பார்த்து ‘தோ ரோ 9’ என்ற ரசீதைத் தருவார். அதோடு கட்டட அனுமதி நகலையும் வீட்டின் புகைப்படங்களையும் அம்ப்போவின் பதிவுப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். தேத்சபானுக்கு வெளியே எண் வழங்க 30 நாள் வரை ஆகலாம். நிரந்தர மின்மீட்டருக்கு இந்த எண் வேண்டும். அதுவரை ஓடும் தற்காலிக மீட்டரில் கட்டணம் அதிகம் என்பதால் எண்ணைத் தள்ளிப்போடாதீர்கள். தாய்லாந்து நாட்டவருக்கு நீலப் பதிவேடு, உங்களுக்கு மஞ்சள் பதிவேடு. மஞ்சளுக்கு அம்ப்போவில் சாட்சி கேட்பார்கள். பூ யாய் பானே வந்து நின்றால் வேலை எளிதாகும்.

நீங்கள் அங்கே தங்கும் செய்தியை 24 மணி நேரத்துக்குள் ‘டி.எம். 30’ படிவம் வழியாகக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் கடமை. பூ யாய் பானிடம் சொன்னது இதற்குக் கணக்கில் வராது.

ஓ போ தோவில் கோப்பு காரணமின்றி நின்றால் முதலில் பலாத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அம்ப்போவிலுள்ள தம்ரொங்தாம் எனப்படும் குறைதீர் மையத்தில் மனு கொடுக்கலாம், 1567 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். மனுவில் விண்ணப்ப எண்ணும் கொடுத்த தேதியும் இருக்கட்டும். மனைவி பெயரில் தாய்லாந்து மொழியில் எழுதுவது நல்லது.