படிக்கிற காலத்தில் அனிமே ரசிகர் எதற்குக் காசு செலவழிக்கலாம்?

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். கைச்செலவுக்கு வருவதில் மிச்சம் பிடித்துத்தான் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ஆசைக்குச் செலவழிக்க முடியும். நல்ல மானிட்டர், ஹெட்போன், மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) படிக்க டேப்லெட், பாத்திரங்களின் ஃபிகர் (சிறு சிலை) எல்லாமே வேண்டும் போல இருக்கிறது. படம் வரையவும் ஆசை. எதை முதலில் வாங்குவது, எதை விடுவது?

பதில்:

அனிமே எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டாலே செலவு நிறையக் குறையும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்களில் பல அனிமேவுக்குப் பயன்படுவதே இல்லை. நான் எதை வாங்கினாலும் முதலில் பார்ப்பது, அந்த எண் அனிமேவுக்குப் பயன்படுமா என்பதைத்தான்.

மானிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். டிவி அனிமே பெரும்பாலும் 1080பி அளவிலோ அதற்கும் குறைந்த அளவிலோதான் தயாராகிறது. 4கே திரையில் போட்டால் அதே படம் பெரிதாக்கிக் காட்டப்படுமே தவிர, ஓவியர் வரையாத கோடு எதுவும் புதிதாக வந்துவிடாது. வேகமும் அப்படித்தான். வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள். அதிலும் ஒரே ஓவியத்தை 2 அல்லது 3 ஃபிரேமுக்கு நிறுத்தி வைப்பார்கள். அப்படியென்றால் வினாடிக்கு 12 அல்லது 8 ஓவியங்கள்தான். சண்டைக் காட்சியின் உச்சத்தில் மட்டும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிதாக வரைவார்கள்.

அதற்காக, திரை வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்று சொல்லும் ஹெர்ட்ஸ் எண்ணே வீண் என்று சொல்லமாட்டேன். 60ஐ 24 சமமாக வகுக்காது. அதனால் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 2 முறை, அடுத்தது 3 முறை என்று மாறி மாறி வரும். கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசான தடுமாற்றம் தெரிவது இதனால்தான். 120 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக 5 முறை, 144 என்றால் 6 முறை. 75 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் சிலவற்றை அமைப்பில் போய் 72க்கு மாற்ற முடியும், அப்போது 3 முறை. கேம் விளையாடாதவர் இதற்காக மட்டும் விலை கூடிய மானிட்டர் வாங்க வேண்டாம். யாராவது விற்கும் பழைய 1080பி ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத திரை வகை) மானிட்டர் நல்ல நிலையில் கிடைத்தால் போதும். டிவியில் பார்ப்பவர்கள் அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இரண்டு ஓவியங்களுக்கு நடுவே தானாக ஒன்றைப் புகுத்தி, ஓவியர் யோசித்து வைத்த நேரக்கணக்கையே குலைத்துவிடும். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

இரவு வானம், மூடுபனி போன்ற காட்சிகளில் நிறம் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அதற்கும் புது மானிட்டர் தேவையில்லை. எம்பிவி என்ற இலவச பிளேயரில் அந்தப் பட்டைகளை மென்மையாக்கும் வசதி இருக்கிறது. உங்களிடம் கோப்பாக உள்ள வீடியோக்களுக்கு அது அருமையாக வேலை செய்யும்.

ஹெட்போனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிவி அனிமேயின் ஒலி பெரும்பாலும் இரண்டு சேனல் ஸ்டீரியோ. 7.1 (எட்டுச் சேனல் ஒலி) என்று எழுதிய கேமிங் ஹெட்செட்டுக்குக் காசு கொடுக்காமல், குரல் தெளிவாகக் கேட்கும் வயர் இயர்போன் ஒன்று வாங்குங்கள். கேபிள் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தால், அறுந்தாலும் கேபிளை மட்டும் மாற்றலாம்.

மாங்கா படிக்க டேப்லெட் வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஷோனென் (சிறுவர்களுக்கான) மாங்கா தொகுதிகளின் பக்கம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் அகலம், 17 சென்டிமீட்டர் உயரம். அதன் மூலைவிட்டம் 8 அங்குலத்துக்குப் பக்கத்தில் வரும். அதாவது 8 அங்குலத் திரையில் ஒரு பக்கம் கிட்டத்தட்ட அச்சுப் புத்தகத்தின் அளவிலேயே தெரியும். இரண்டு பக்கம் சேர்ந்து விரியும் பெரிய ஓவியங்களை அதே அளவில் பார்க்க வேண்டுமென்றால் 11 அங்குலத் திரையைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். பாடப் புத்தகக் கோப்புகளும் அதில் படிப்பீர்கள் என்றால் 11 அங்குலம்தான் சரி. மாங்காவுக்கு மட்டும் என்றால் 8 போதும். கண் வலிக்காமல் படிக்க, காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரையுள்ள கருவி எனக்குப் பிடிக்கும். மாங்கா பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதானே. ஆனால் 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இல்லாத திரையில் நிழலுக்குப் போடும் புள்ளி வடிவங்கள் கலங்கித் தெரியும், அதைக் கவனித்து வாங்குங்கள். படிக்க ஷூயெய்ஷா பதிப்பகம் 2019இல் தொடங்கிய மாங்கா பிளஸ் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பல தொடர்களின் முதல் சில அத்தியாயங்களையும் கடைசிச் சில அத்தியாயங்களையும் காசு இல்லாமல் முறைப்படி படிக்கலாம்.

சரி, ஃபிகருக்கு வருவோம். பணம் கரைவதும் இங்கேதான், மனசு நிறைவதும் இங்கேதான்.

பார்த்ததும் ஆசை வருவது 1/7, 1/8 அளவிலான ஸ்கேல் ஃபிகர்கள் மேல். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பாத்திரம் 1/7இல் சுமார் 23 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். துணியின் மடிப்பு, கண்ணின் நிறம், முடியின் நுனி வரை வேலைப்பாடு இருக்கும், விலையும் அதற்கேற்றபடி. மாணவராக இருக்கும்போது இதில் ஆரம்பிக்காதீர்கள். ஜப்பானில் கிரேன் கேம் (காசு போட்டு இயந்திரக் கையால் பொருளைத் தூக்கும் விளையாட்டு) பரிசுக்கென்றே தயாராகும் பிரைஸ் ஃபிகர்கள் இருக்கின்றன. பேன்பிரெஸ்டோ, சேகா, டைட்டோ, ஃபியூரியூ ஆகிய பெயர்களில் வருபவை. பரிசுப் பொருளின் மதிப்புக்கு அங்கே வரம்பு இருப்பதால் செலவை அடக்கித்தான் செய்கிறார்கள். ஏராளமாக வெளிவருவதால் பிறகு கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும். பெயின்ட் எளிமைதான், ஆனால் கடந்த சில வருடங்களில் முக அமைப்பு நன்றாகத் தேறியிருக்கிறது. இதற்கு ஒரு படி மேலே குட் ஸ்மைல் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த பாப் அப் பரேட் வரிசை. அதே நிறுவனத்தின் நென்டோராய்டு, அதாவது பெரிய தலையுள்ள குட்டி ஃபிகர், 2006இலிருந்து வருகிறது. சுமார் 10 சென்டிமீட்டர்தான், ஆனால் முகங்களை மாற்றி மாற்றி வைக்கலாம் என்பதால் அலுக்கவே அலுக்காது. என் மேசையில் அதிகம் கை படுவது அதுதான்.

நீங்கள் தேடும் நென்டோராய்டு தீர்ந்துபோய், யாரோ இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்றால் அவசரப்படாதீர்கள். பிரபலமான பாத்திரங்களை நிறுவனமே மறுபடியும் வெளியிடுவது வழக்கம். மறுவெளியீடு அறிவித்த உடனே பழைய விலையும் இறங்கிவிடும்.

அதைவிட நல்ல வழி ஜப்பானின் செகண்ட் ஹேண்ட் சந்தை. டோக்கியோவின் நகானோவில் 1980இல் பழைய மாங்கா கடையாகத் தொடங்கிய மாண்டராகே, அப்புறம் சுருகயா, அமிஅமி போன்ற கடைகள் இதற்குப் பேர்போனவை. அமிஅமியில் பொருளின் நிலைக்கு ஒரு மதிப்பெழுத்து, பெட்டியின் நிலைக்குத் தனியாக ஒன்று போட்டிருப்பார்கள். பொருளுக்கு ஏ, பெட்டிக்கு பி என்று இருப்பதைத் தேடுங்கள். பெட்டியின் ஓரம் நசுங்கியதற்காக விலை குறைந்திருக்கும், உள்ளே ஃபிகர் பிரிக்காத மாதிரியே இருக்கும். பெட்டியை நீங்கள் காட்சிக்கு வைக்கப் போவதில்லையே.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது ஷிப்பிங்தான் பொருளின் விலையையே தாண்டப் பார்க்கும். பல கூரியர்கள் எடையை மட்டுமல்லாமல் பெட்டி அடைக்கும் இடத்தையும் கணக்கிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. ஃபிகர் பெட்டிக்குள் பாதி காற்றுதான். அதனால் இரண்டு மூன்று பொருட்களைச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். சுங்க வரி உங்கள் நாட்டில் எந்த மதிப்பிலிருந்து தொடங்குகிறது என்றும் முன்னாலேயே பார்த்து வையுங்கள். பாத்திரத்தின் படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தகடான அக்ரிலிக் ஸ்டாண்டுகளை நான் அடிக்கடி சிபாரிசு செய்வது இதனால்தான். தட்டையானது, லேசானது, உறையில் வந்துவிடும், அதிகாரபூர்வ ஓவியமும் அதில் இருக்கும்.

முன்பதிவில் கவனம் தேவை. ஃபிகர் வெளிவருவதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே பதிவு தொடங்கிவிடும். பல கடைகளில் அப்போது பணம் கேட்பதில்லை, அதனால் செலவே இல்லாத மாதிரி தோன்றும். ஆனால் வெளியீடு தள்ளிப்போவது இந்தத் தொழிலில் சாதாரணம். மார்ச்சுக்கு ஒன்று, மே மாதத்துக்கு ஒன்று என்று பதிந்தவை தள்ளித் தள்ளி ஜூலையில் ஒன்றாக வந்து நிற்கலாம். எந்த மாதம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்து, ஒரே நேரத்தில் ஒரு முன்பதிவு மட்டும் நிலுவையில் இருக்கட்டும். பதிந்துவிட்டுத் திரும்பத் திரும்ப ரத்து செய்தால் சில கடைகள் கணக்கையே முடக்கிவிடும்.

போலிகளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். பெரிய ஸ்கேல் ஃபிகர் பிரைஸ் ஃபிகரின் விலைக்குப் புதிதாகக் கிடைக்கிறது என்றால் அது போலிதான். முகம் பளபளவென்று எண்ணெய் பூசிய மாதிரி இருக்கும், கால் பீடத்தில் சரியாக உட்காராது, பெயின்ட் வாடை அடிக்கும். பல போலிகளின் பெட்டியில் தயாரிப்பாளர் பெயரோ உரிமைக் குறிப்போ இருக்காது. ஜப்பானில் விற்கும் டிராகன் பால், ஒன் பீஸ் பொருட்களில் டோயி அனிமேஷன் ஸ்டூடியோவின் சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அதையும் பாருங்கள். மைஃபிகர்கலெக்‌ஷன் தளத்தில் அசலையும் போலியையும் அருகருகே வைத்து ரசிகர்கள் காட்டியிருக்கிறார்கள். சிற்பியின் உழைப்பைத் திருடி, பாதித் தரத்தில் செய்த ஒன்றை நமக்குப் பிடித்த பாத்திரத்தின் பெயரில் அலமாரியில் வைக்க எனக்கு மனம் வராது. அதே காசுக்கு ஒரு அசல் பிரைஸ் ஃபிகர் கிடைக்கும்போது அது தேவையும் இல்லை.

வாங்கியதைப் பராமரிக்கச் செலவே இல்லை. வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள், நிறம் மங்கும், வெளிர் பாகங்கள் மஞ்சளாகும். ஃபிகர் செய்யும் பிளாஸ்டிக்கான பிவிசியில் கலந்திருக்கும் மென்மையாக்கி மேலே கசிந்தால் பிசுபிசுப்பு வரும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு கலந்து கழுவி, காற்றாடக் காயவிடுங்கள். வாள் மாதிரி மெல்லிய பாகம் வளைந்திருந்தால் சுடுநீரில் சிறிது நேரம் வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் பிடியுங்கள், அப்படியே நின்றுவிடும்.

காசுக்கு அதிக நேரம் மகிழ்ச்சி தருவது எது என்று கேட்டால் யோசிக்காமல் கன்ப்லா என்பேன். பண்டாய் 1980இலிருந்து விற்கும், கன்டாம் அனிமேயின் ரோபோக்களை நாமே பாகம் பாகமாகச் சேர்க்கும் மாடல் கிட்கள். இன்றைய கிட்களுக்குப் பசை தேவையில்லை. பாகங்கள் ஏற்கெனவே நிறத்தோடு வருவதால் பெயின்டும் கட்டாயமில்லை. என்ட்ரி கிரேடு என்றால் கத்தரிக்கும் கருவிகூட வேண்டாம், பாகங்களை அவை ஒட்டியிருக்கும் சட்டத்திலிருந்து கையாலேயே பிரித்தெடுக்கலாம். அடுத்து 1/144 அளவிலான ஹை கிரேடு. 1/100 மாஸ்டர் கிரேடும் 1/60 பெர்ஃபெக்ட் கிரேடும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு நல்ல நிப்பர் (பாகத்தை வெட்டும் கருவி), கொஞ்சம் மெல்லிய உப்புத்தாள், கோடு வரையும் சாம்பல் நிறப் பேனா, இவ்வளவுதான் கருவிகள். பாகத்தை ஒட்டி ஒரேயடியாக வெட்டாமல், முதலில் தள்ளி வெட்டி, மிச்சத்தை இரண்டாவது முறை நறுக்கினால் வெள்ளைத் தழும்பு விழாது. பரீட்சை முடிந்த ஒரு வார இறுதி முழுவதும் ஒரு சின்னப் பெட்டியோடு போய்விடும்.

படம் வரைவதற்குத் திரையுள்ள டேப்லெட் இப்போது வேண்டாம். திரையில்லாத பேனா டேப்லெட், அதுவும் பேனாவுக்கு பேட்டரி தேவைப்படாத வகை, தொடங்குவதற்குத் தாராளம். கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வரைவது முதலில் தடுமாறும், சில வாரங்களில் பழகிவிடும். மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். வரைய கிரிட்டா இருக்கிறது. அசைவு செய்து பார்க்க ஓப்பன்டூன்ஸ் இருக்கிறது. ஜப்பானின் அனிமே பட நிறுவனமான ஸ்டூடியோ ஜிப்லி தன் படங்களுக்குப் பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளின் வழிவந்தது அது, 2016இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மானிட்டரோ ஃபிகரோ வாங்கக் காசு சேரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, இன்றைக்கே பதிவிறக்கி 8 ஓவியத்தில் ஒரு கையசைப்பை வரைந்து பாருங்கள்.